இரத்தம் நிற்காத பிள்ளையும் இரக்கமுள்ள ஷரீஅத்தும்

 



ஆண் பிள்ளைக்குச் சுன்னத் செய்வதை நம் பகுதியில் மார்க்கக் கல்யாணம் என்று சிறப்பித்துச் சொல்கிறோம். பெயருக்கேற்ப அது ஒரு கல்யாணமாகவேதான் நடக்கிறது. பிள்ளைக்குப் புத்தாடை, கழுத்தில் மாலை, வீட்டு வாசலில் பந்தல், சொந்த பந்தங்களுக்கு விருந்து. காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நாகூர் என்று இந்தக் கடற்கரை ஊர்களில் வாப்பாமார் பலர் சபுராளிகள். வளைகுடாவிலோ, மலேசியா சிங்கப்பூரிலோ உழைத்துவிட்டு முப்பது நாள், நாற்பது நாள் விடுமுறையில் வருகிறார்கள். அந்த விடுமுறைக்குள் சுன்னத்தும் முடிய வேண்டும், விருந்தும் முடிய வேண்டும், திரும்பிப் போகும் டிக்கெட்டுக்கு முன்னால் புண்ணும் ஆறிவிட வேண்டும். ஆகவே நாள் குறிக்கிறோம், ஆடு சொல்கிறோம், மண்டபம் பிடிக்கிறோம். எல்லாவற்றையும் கேட்டு விசாரிக்கும் நாம் ஒன்றை மட்டும் விசாரிப்பதில்லை.

இந்தப் பிள்ளைக்குக் காயம் பட்டால் இரத்தம் நிற்குமா?

இது வேண்டாத கேள்வியாகச் சிலருக்குப் படலாம். ஆயிரம் பிள்ளைகளுக்குச் சுன்னத் நடந்திருக்கிறதே, ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒரு குழந்தை, இரத்தம் சரியாக உறையாத குறையோடு பிறக்கிறது. அந்த ஒரு குழந்தை நம் வீட்டுக் குழந்தையாக இருந்துவிட்டால், ஆயிரம் வீடுகளில் ஒன்றும் ஆகவில்லை என்ற கணக்கு நமக்கு என்ன ஆறுதல் தரும்?

நோயின் தன்மை

இந்நோயை ஹீமோஃபிலியா என்று டாக்டர்கள் அழைக்கிறார்கள். நம் உடலில் காயம் ஏற்பட்டால் இரத்தத்திலுள்ள பல பொருட்கள் ஒன்றையொன்று தூண்டி, வலை பின்னுவது போல் பின்னிக் காயத்தை அடைக்கின்றன. இப்பொருட்களுக்கு ஃபாக்டர் என்று பெயர் வைத்து எண் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் எண் பொருள் குறைந்திருந்தால் ஹீமோஃபிலியா 'ஏ'. ஒன்பதாம் எண் பொருள் குறைந்திருந்தால் ஹீமோஃபிலியா 'பி'. முதல் வகையே அதிகம். அப்பொருள் இருக்க வேண்டிய அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் நோய் கடுமையானது. ஒன்று முதல் ஐந்து பங்கு வரை நடுத்தரம். அதற்கு மேல் நாற்பது பங்கு வரை இலேசானது.

இந்நோயாளிக்கு மற்றவர்களைவிட வேகமாக இரத்தம் ஓடுவதில்லை. ஓடத் தொடங்கியது நிற்பதில்லை. அதைவிடக் கொடியது வெளியே தெரியாமல் உள்ளே கசியும் இரத்தம். முழங்கால், முழங்கை, கணுக்கால் மூட்டுகளுக்குள் இரத்தம் தேங்கி, வீங்கி, பிள்ளை துடித்துப் போகும். திரும்பத் திரும்ப இப்படி நேர்ந்தால் மூட்டு தேய்ந்து, கால் மடங்காமலோ நீளாமலோ போய்விடும். தலையில் அடிபட்டு மூளைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

இது புதிதாக முளைத்த நோயுமன்று, மேல்நாட்டார் கண்டுபிடித்த பிறகே உலகம் அறிந்ததுமன்று. ஸ்பெயின் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த காலத்தில் குர்துபாவில் வாழ்ந்து 1013-இல் மறைந்த மாபெரும் அறுவை வைத்தியர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள், 'அத்தஸ்ரீஃப்' என்ற தமது மருத்துவக் களஞ்சியத்தில், ஒரு கிராமத்து ஆண்களுக்குக் காயம் பட்டால் இரத்தம் நிற்காமல் இறந்து போவதைப் பற்றி எழுதி வைத்தார்கள். இந்நோயைக் குறித்த மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் ஒன்றாக அதை இன்றைய மருத்துவ வரலாற்றாசிரியர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் வைத்தியர் கவனித்து எழுதியதை, இன்று முஸ்லிம் வீடுகள் அறியாமலிருப்பது முறையா?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்

இனி நான் சொல்லப் போவது குறிப்பிட்ட ஒரு வீட்டின் கதையன்று. இந்நோயுள்ள வீடுகளில் நடப்பவற்றைச் சேர்த்து, ஒரே வீடாக உங்கள் முன் நிறுத்துகிறேன்.

பிள்ளை தவழத் தொடங்கியதும் முழங்காலிலும் மார்பிலும் நீலம் நீலமாகக் கன்றிப் போகிறது. யாரோ கிள்ளியிருக்கிறார்கள் என்று மாமியார் மருமகளைப் பார்க்கிறார். தடுப்பூசி போட்ட தொடை கல்லாக வீங்குகிறது. பல் முளைக்கும்போது ஈறில் கசிந்த இரத்தம் தலையணையை நனைக்கிறது. கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுகிறார்கள். இரண்டு வயதில் விழுந்து உதடு கிழிகிறது. மூன்று நாள் இரத்தம் நிற்கவில்லை. அப்போதுதான் ஒரு டாக்டர் கேட்கிறார்: "அம்மா, உங்கள் கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது இப்படி இருந்ததா?" அந்தப் பெண் யோசித்துப் பார்க்கிறாள். உம்மா சொல்லியிருக்கிறார்கள், தான் பிறப்பதற்கு முன்பே ஒரு காக்கா, சுன்னத் செய்த மறுநாள் மௌத்தாகிப் போனாராம். அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லிப் பேச்சை முடித்துக் கொண்டார்களாம்.

சகோதரர்களே, அல்லாஹ்வின் நாட்டமின்றி ஓர் இலையும் அசையாது என்பது நம் ஈமான். ஆனால் அந்த ஈமானைச் சொல்லி விசாரணையை நிறுத்திக் கொண்டதால், ஒரு தலைமுறைக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அடுத்த தலைமுறைக்குக் கிடைக்காமல் போயிற்று. கத்ரை நம்புவது வேறு. காரணத்தைத் தேடாமலிருப்பது வேறு. ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்தே இறக்கியிருக்கிறான், முதுமை ஒன்றைத் தவிர. ஆகவே வைத்தியம் செய்து கொள்ளுங்கள் என்ற கருத்தில் கிராமத்து அரபிகளுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் அருளியதை அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம்.

கேட்டிருக்கக் கூடாதா?

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி, இவ்விஷயத்தில் நம் உள்ளத்தை உலுக்க வேண்டும்.

ஒரு பிரயாணத்தில் தோழர் ஒருவருக்குக் கல்பட்டுத் தலையில் காயம். அன்றிரவு அவருக்குக் குளிப்புக் கடமையாகி விட்டது. காயத்தை முன்னிட்டு நான் தயம்மும் செய்து கொள்ளலாமா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் கிடைக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லி விட்டார்கள். அவர் குளித்தார், இறந்தும் போனார். செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது அன்னார் அடைந்த கோபம் சாதாரணமானதன்று. அந்த மனிதரை அவர்களே கொன்று விட்டதாகக் கூறிக் கடிந்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்குக் கேள்விதானே மருந்து என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள்.

சிந்தியுங்கள்! அவர்கள் சொன்னது பாவத்துக்கான யோசனையன்று. குளிப்பு என்னும் ஃபர்ளை நிறைவேற்றத்தான் சொன்னார்கள். ஃபர்ளைச் சொன்னவர்களே இவ்வளவு கண்டிக்கப்பட்டார்கள், உடலின் நிலையை விசாரிக்காமல் சொன்ன காரணத்தால்! அப்படியானால், மண்டபம் பிடித்தாகிவிட்டது, வாப்பாவுக்கு விடுமுறை முடிகிறது என்பதற்காக, கன்றிப் போகும் உடம்புள்ள பிள்ளையைக் கத்திக்கு முன் உட்கார வைக்கும் நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

சுன்னத்தைப் பற்றி மத்ஹபுகள்

நம் பகுதியில் ஷாஃபிஈக்களும் இருக்கிறார்கள், ஹனஃபீக்களும் இருக்கிறார்கள். கத்னா செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் வாஜிபு. ஹனஃபீ மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத்து, இஸ்லாத்தின் அடையாளச் சின்னம். ஆகவே இதை இலேசாக நினைத்துவிட வேண்டாம்.

ஆனால் அதே ஃபிக்ஹு நூல்களைத் திறந்து பாருங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அது கட்டாயமாவது பருவம் அடைந்த பிறகே. சிறு வயதில் செய்வது விரும்பத்தக்கது. பிள்ளை தாங்க மாட்டாத பலவீனத்தில் இருந்தால், தாங்குவான் என்ற எண்ணம் மேலோங்கும் வரை தள்ளிப் போட வேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் தெளிவாக்கியிருக்கிறார்கள். ஹனஃபீக்களின் 'ஃபதாவா ஹிந்திய்யா'வில், இஸ்லாத்தைத் தழுவிய பலவீனமான முதியவர் கத்னாவைத் தாங்க மாட்டார் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால், அவரை அப்படியே விட்டுவிடலாம் என்ற சட்டம் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். இக்காலத்தில் அந்தத் தெரிந்தவர் டாக்டரேயன்றி வேறு யார்? ஹன்பலீ மத்ஹபின் இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்களும், உயிருக்கு அஞ்சும் நிலையில் அக்கடமை நீங்கிவிடும் என்கிறார்கள்.

தங்களையே அழிவில் போட்டுக் கொள்ளலாகாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 195-ஆம் வசனத்திலும், தங்களையே கொன்று கொள்ளலாகாது என்று அன்னிஸா அத்தியாயத்தின் 29-ஆம் வசனத்திலும் அல்லாஹ் விலக்கியிருக்கிறான். கடுங்குளிர் இரவொன்றில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் இந்த இரண்டாவது வசனத்தை நினைத்துத்தான் குளிப்பதை விட்டுத் தயம்மும் செய்து தொழ வைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கேட்டுப் புன்னகைத்தார்களே தவிர, கண்டிக்கவில்லை.

ஆகவே தள்ளி வைக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோரைப் பார்த்து இன்னும் சுன்னத் செய்யவில்லையா என்று கூட்டத்தில் கேட்டு அவமானப்படுத்துவது, ஷரீஅத் கொடுத்த சலுகையைப் பறிப்பதாகும். அப்பிள்ளை முஸ்லிம்தான்; சுத்தம் பேணித் தொழும் அவன் தொழுகை தொழுகைதான்; அவன் ஸஃப்பில் நிற்கலாம், மதரஸாவில் ஓதலாம், காலம் வரும்போது நிக்காஹும் செய்யலாம்.

இதில் இன்னொரு நற்செய்தியும் உண்டு. தள்ளிப் போடுவது என்றால் கைவிடுவது என்று பொருளன்று. குறைந்திருக்கும் ஃபாக்டரை ஊசி மூலம் உயர்த்தி, இந்நோயைக் கவனிக்கும் மருத்துவமனையில் வைத்து, புண் ஆறும் வரை மருந்தைத் தொடர்ந்து, இப்பிள்ளைகளுக்கும் கத்னா செய்ய முடிகிறது. எப்போது, எப்படி என்பதை இரத்த நோய் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். வீட்டுத் திண்ணையும் நாவிதரின் கத்தியும் இவர்களுக்கு ஒருபோதும் ஆகாது.

பரிசோதனையும் கடினமானதன்று. பிள்ளைக்கு எளிதில் கன்றிப் போகிறதா, தடுப்பூசி போட்ட இடம் பெரிதாக வீங்கியதா, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் வந்து நிற்கவில்லையா, தாயின் சகோதரர்களுக்கோ, தாயுடைய சகோதரிகளின் ஆண் பிள்ளைகளுக்கோ இப்படி இருந்ததா என்று முதலில் விசாரியுங்கள். ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும், ஏ.பி.டி.டி. என்னும் உறைதல் சோதனையைக் கேளுங்கள். அதில் நேரம் நீண்டிருந்தால் ஃபாக்டர் அளவைப் பார்ப்பார்கள். இலேசான வகையில் முதற் சோதனை சரியாக இருப்பதும் உண்டு. ஆகவே குடும்பத்தில் யாருக்காவது இருந்ததென்றால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி விடுங்கள்.

தாயின் மீது பழி வேண்டாம்

இந்நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வருகிறது. தாய் வழியாகவே வருகிறது. காரணம் இதுதான்: பெண்ணுக்கு எக்ஸ் என்னும் மரபுத் திரி இரண்டு, ஆணுக்கு ஒன்று. குறையுள்ள செய்தி எக்ஸ் திரியில் இருக்கிறது. பெண்ணுக்கு ஒரு திரி குறைப்பட்டாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடு செய்து விடுகிறது. அதனால் அவள் தாங்கி வருவது அவளுக்கே தெரிவதில்லை. அப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் பிள்ளைக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு பெண் பிள்ளையும் தாயைப் போல் தாங்கி வர இரண்டில் ஒரு வாய்ப்பு. நோயுள்ள தகப்பனிடமிருந்தோ மகனுக்கு வராது. மகள்கள் எல்லோரும் தாங்கி வருவார்கள். மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திராது; அந்தத் தலைமுறையில் புதிதாகத் தோன்றியிருக்கும். சொந்தத்தில் முடித்ததால்தான் வந்தது என்ற பேச்சும் இந்நோயைப் பொறுத்தவரை சரியன்று. தலசீமியா போன்ற வேறு சில இரத்த நோய்களுக்கு நெருங்கிய உறவுத் திருமணம் வாய்ப்பைக் கூட்டுகிறது. அது தனி விஷயம்.

இதைக் கேட்டவுடன் சில வீடுகளில் என்ன நடக்கிறது? "உன் வழியில்தானே வந்தது" என்று மருமகளைக் குத்துகிறார்கள். தலாக் வரையில் பேச்சுப் போவதும் உண்டு. அந்தப் பெண் இத்திரியைக் கடையில் வாங்கி வந்தாளா? அவளைப் படைத்தவன் யார்? ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆனில் பல இடங்களில் வரும் விதி. இங்கோ பாவமே இல்லை. பழி மட்டும் இருக்கிறது.

புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி ஒன்றைச் சொல்கிறேன். ஃபஸாரா கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர், தம் மனைவி பெற்ற குழந்தை கறுப்பாக இருக்கிறதென்று மனக்குறையோடு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். உம்மிடம் ஒட்டகங்கள் உண்டா என்று கேட்டார்கள். உண்டு, சிவப்பு நிறம் என்றார். அவற்றில் சாம்பல் நிறத்தில் ஏதும் உண்டா என்றார்கள். உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்றார்கள். முன்னோர் வழி ஏதோ இழுத்திருக்கலாம் என்று அவரே சொன்னார். உம் பிள்ளைக்கும் அப்படி ஒரு வழி இழுத்திருக்கலாமே என்று அருளினார்கள்.

மனைவியின் மேல் சந்தேக நிழல் விழுந்த நேரத்தில், அன்னார் அவளை அழைத்து விசாரிக்கவில்லை. பரம்பரையின் இயல்பை எடுத்துச் சொல்லி, கணவனின் உள்ளத்தைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். பிள்ளையின் நோயைக் காட்டி மனைவியைக் குத்தும் கணவர்களும் மாமியார்களும் இந்த ஹதீஸைத் தங்கள் வீட்டுச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

அப்பிள்ளையின் அக்கா தங்கைகளைப் பற்றியும் ஒரு சொல். அவர்களும் தாங்கி வருகிறார்களா என்று அறிந்து கொள்வது நல்லது. பின்னால் பிள்ளைப்பேற்றின்போது தாய்க்கும் சேய்க்கும் வேண்டிய முன்னேற்பாடு செய்யலாம். சம்பந்தம் பேசும்போது மறைத்து முடித்து, பிறகு தெரிந்து மனமுறிவு வருவதைவிட, நம்பிக்கையுள்ள பெரியவர் மூலம் உண்மையைச் சொல்லி முடிப்பதே பரக்கத்து. கேட்பவர்களும் அந்தப் பெண்ணைக் குற்றவாளியாகப் பார்க்கலாகாது.

அரண்மனையும் ஆஸ்பத்திரியும்

ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. ஷிஃபாவைத் தருபவன் அல்லாஹ் ஒருவனே. அவனிடம் கையேந்துவது நம் முதல் மருந்து. ஆனால் பிள்ளையின் முழங்கால் வீங்கியிருக்கும்போது ஊசியை விட்டுவிட்டுத் தண்ணீரும் தாயத்தும் தேடி ஊர் ஊராக அலைவது தவக்குல் அன்று. அப்பிள்ளைக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இந்நோயால் கலங்கிய அரண்மனைகளைச் சரித்திரத்தில் பாருங்கள். பிரிட்டனின் விக்டோரியா மகாராணியின் மகன் லியோபோல்டு 1884-இல் கீழே விழுந்ததைத் தொடர்ந்து மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். அம்மகாராணியின் வழியில் வந்த ரஷ்ய இளவரசன் அலெக்ஸி 1904-இல் பிறந்தான். உலகின் பெரிய சாம்ராஜ்யங்களில் ஒன்றின் வாரிசு! ஆனால் அவன் தாய்க்கு நிம்மதி இல்லை. கைராசிக்காரர் என்று நம்பி ரஸ்புதின் என்பவரை அரண்மனைக்குள் விட்டார்கள்; அது அக்குடும்பத்தின் பெயரையே கெடுத்தது. அவனுக்கு இருந்தது ஹீமோஃபிலியா 'பி' என்று 2009-இல் மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது.

ரஷ்யச் சக்கரவர்த்தியின் பொக்கிஷத்தால் வாங்க முடியாத மருந்து, இன்று ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கிறது. 1964-இல் ஜூடித் பூல் என்ற பெண் விஞ்ஞானி, இரத்தத்தின் தெளிநீரை உறைய வைத்து மெதுவாக உருக்கினால் எட்டாம் ஃபாக்டர் அடியில் தங்குவதைக் கண்டுபிடித்தார். பிறகு ஃபாக்டரைத் தூளாக்கிப் புட்டியில் அடைக்கும் வழி வந்தது. 1980-களில் அப்புட்டிகள் வழியாகவே எய்ட்ஸ் கிருமி பரவிப் பல்லாயிரம் நோயாளிகளைப் பலி கொண்ட துயரமும் நடந்தது. அதன் பின் கிருமிநீக்கும் முறைகள் கட்டாயமாயின. 2017-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற எமிசிசுமாப் என்னும் மருந்தை, நரம்பில் அல்லாமல் தோலுக்கடியில், வாரம் ஒரு முறையோ அதைவிட இடைவெளி விட்டோ போடலாம்.

நமக்கு அருகிலேயே பாருங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், கடுமையான ஹீமோஃபிலியா 'ஏ' உள்ள ஐந்து பேருக்கு, அவர்களின் சொந்த மூல அணுக்களில் சரியான மரபுச் செய்தியைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தும் மரபணு வைத்தியம் செய்யப்பட்டு, அதன் முடிவுகள் 2024-இல் வெளியாயின. சிகிச்சைக்குப் பின் கவனித்த காலத்தில் அவர்களுக்கு அந்த இரத்தக் கசிவுகள் வரவில்லை. இது இன்னும் ஆராய்ச்சி நிலையில் உள்ளது, எல்லோருக்குமான வைத்தியமாகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நோய்க்கும் மருந்து இறக்கப்பட்டிருக்கிறது என்ற நாயக வாக்கின் உண்மையை நம் கண்முன் காண்கிறோமல்லவா!

மனித இரத்தத்திலிருந்து எடுத்த மருந்து ஹலாலா என்று சிலர் தயங்குகிறார்கள். வேறு வழியின்றி நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்று அல்பகரா அத்தியாயத்தின் 173-ஆம் வசனம் வழி திறந்து வைத்திருக்கிறது. உயிரும் உறுப்பும் காக்க அதை ஏற்றிக் கொள்வதில் தயக்கம் வேண்டாம்.

வணக்க வழிபாடுகள்

இப்பிள்ளைகள் பெரியவர்களாகும்போது எழும் சில கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன்.

மூக்கிலோ ஈறிலோ இரத்தம் வந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் ஒளு முறிவதில்லை. அந்த இடத்தைக் கழுவிக் கொள்ள வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் இரத்தம் ஓடினால் ஒளு முறியும். ஆனால் ஒரு வக்து முழுவதும் நிற்காமல் வந்து கொண்டிருந்தால் அவர் தங்கடமுள்ளவர் என்ற சட்டத்தில் வருவார். வக்துக்கு ஓர் ஒளு போதுமானது. கட்டுப் போட்ட இடத்தில் தண்ணீர் ஆகாதென்றால் அதற்கென்று மஸ்ஹும் தயம்மும் இருக்கின்றன. முறையை உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். மூட்டு வீங்கியவர் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்றும், முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்தும் தொழ நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டியது புகாரீயில் இருக்கிறது.

நோன்பு வைத்திருக்கும்போது கசிவு ஏற்பட்டால், மஃரிபு வரை பொறுக்கிறேன் என்று ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். உணவாகச் செலுத்தப்படாத மருந்து ஊசிகள், நரம்பில் போட்டாலும் நோன்பை முறிப்பதில்லை என்று 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது. உடல் தாளவில்லையென்றால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யும் சலுகையும் குர்ஆனே தந்ததாகும்.

ஹிஜாமா நபிவழியில் வந்த வைத்தியம்தான். ஆனால் இந்நோயாளிக்கு அதைச் செய்வது உயிருடன் விளையாடுவதாகும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும், சதையில் போடும் ஊசியும் கூடா. பல் பிடுங்குவதானாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி ஃபாக்டர் ஏற்றிக் கொண்டே செய்ய வேண்டும். மூட்டு வீங்கினால் அசைக்காமல் வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

ஜமாஅத்தின் கடமை

ஸப்ர் செய்யுங்கள் என்று அக்குடும்பத்துக்குச் சொல்லிவிட்டு எழுந்து வருவது எளிது. ஆனால் அந்த வீட்டு ஸப்ரின் கனம் என்ன தெரியுமா? எட்டாம் ஃபாக்டர் ஊசி போட்டால் அதில் பாதி பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கரைந்து விடுகிறது. கசிவு வராமல் காக்க வாரத்தில் இரண்டு மூன்று நாள் போட வேண்டும். வாப்பா வெளிநாட்டில் இருக்க, உம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டு நடு இரவில் ஆட்டோ தேடுகிறாள். காரைக்காலிலிருந்து புதுவை ஜிப்மருக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கடல் கொந்தளித்து மழை கொட்டும் கார்த்திகையிலும் அந்தப் பயணம் நிற்காது. ஐயூப் (அலை) அவர்கள் தாங்கிய நோயைப் பயானில் கேட்டுக் கண்ணீர் வடிக்கும் நாம், நம் தெருவிலேயே நடக்கும் இந்த ஸப்ரில் பங்கு கொள்ள வேண்டாமா?

வழிகள் பல உண்டு. ஒரு வாகனமும் அதை ஓட்ட ஓர் இளைஞரும் அவ்வீட்டுக்கு இரவிலும் கிடைக்கும்படி ஏற்பாடு செய்யலாம். அக்குடும்பம் ஜகாத் பெறும் தகுதியுடையதானால், அதன் கையில் ஜகாத்தை ஒப்படைத்துப் பயணச் செலவுக்கும் மருந்துக்கும் உதவலாம். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இரத்ததானம் செய்யும் இளைஞர்களின் பட்டியலை வைத்திருக்கலாம். ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போலாவார் என்ற அல்மாயிதா அத்தியாயத்தின் 32-ஆம் வசனத்தை அப்படித்தான் அமலாக்க வேண்டும். ஊனமுற்றோர் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் அணு நோய் மூன்றும் சேர்க்கப்பட்டிருக்கின்றன; சான்றிதழ் பெற உதவலாம். 1983-இல் அசோக் பகதூர் வர்மா என்பவர், தாமே இந்நோயாளியாக இருந்தும், நம் நாட்டின் ஹீமோஃபிலியா சம்மேளனத்தைத் தொடங்கினார். அதன் கிளைகள் பல ஊர்களில் உள்ளன. அவ்வீட்டாரை அவர்களோடு இணைத்து விடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பழக்கத்தை ஏற்படுத்த வேண்டுகிறேன். சுன்னத்துக்குத் தேதி சொல்ல வரும் பெற்றோரிடம், பத்திரிகையில் பெயர் போடுவதைப் பற்றிக் கேட்பதற்கு முன், பள்ளி நிர்வாகியோ இமாமோ மூன்றே கேள்விகள் கேட்கட்டும்: பிள்ளைக்கு எளிதில் கன்றிப் போகிறதா? எப்போதாவது இரத்தம் நிற்காமல் வந்திருக்கிறதா? தாய் வழியில் யாருக்காவது இப்படி இருந்ததா? ஆம் என்றால், "முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்து வாருங்கள்; ஆடு அடுத்த ஆண்டும் கிடைக்கும், விருந்தை அப்போது சாப்பிட்டுக் கொள்வோம்" என்று அன்போடு சொல்லி அனுப்பட்டும். கேட்டிருக்கக் கூடாதா என்ற நாயகத்தின் கண்டிப்பு நம்மை நோக்கித் திரும்பாதிருக்க இதுவே வழி.

யா அல்லாஹ்! நோயுற்ற எங்கள் பிள்ளைகளுக்கு ஷிஃபாவை அருள்வாயாக! அவர்களைச் சுமக்கும் உம்மாமார்களின் உள்ளத்துக்கு உறுதியைத் தருவாயாக! பழி சொல்லும் நாவுகளைவிட்டும் அவர்களைக் காப்பாயாக! தெரியாததைக் கேட்டறியும் பணிவையும், தெரிந்ததைக் கொண்டு பிறருக்கு உதவும் மனத்தையும் எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.